ஞாயிறு கோயில், திங்கள் ஆபீஸ்

அரசாங்கத்தில் சாவி வைத்திருப்பவனுக்குச் சம்பளம் ஒரு வேலைக்கு, வசவு மட்டும் இரண்டு வேலைக்கு. என்னைப் போல ஆபீஸ் சாவிக்கொத்தை இடுப்பில் சுமந்து, "உங்களுக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும், தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஓர் அரசாங்க ஆபீஸில் நான் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சாவி என் தலையில் விழுந்தது

சேலையூர் ரோட்டுப் பக்கம் அப்போதுதான் குடியேறிய கிறிஸ்தவக் குடும்பங்கள் முப்பது இருக்கும். வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், டைப்பிஸ்டுகள். ஞாயிற்றுக்கிழமை கூடிக் கும்பிட அவர்களுக்கென்று ஓர் இடம் கிடையாது. எங்கள் ஆபீஸ் ஹாலோ ஞாயிறு முழுக்கச் சும்மா கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் துரைகள் அந்த ஹாலிலேயே ஜெபம் பண்ணியிருக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் யாரிடமும் மனுக் கொடுத்ததாகத் தெரியவில்லை. சுதந்திரம் வந்த பிறகு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. சபையின் செக்ரட்டரி செல்வராஜ் சார், ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். 'சொந்தமாக வழிபாட்டிடம் இல்லாத காரணத்தால்' என்று ஆரம்பித்து, மாதா மாதம் அதே மனுவை அதே கையெழுத்தில் கொடுப்பார்.

எங்கள் ஆபீசர் அனுமதி கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "திங்கக்கிழமை காலையில இங்க ஜெபம் நடந்ததாவே தெரியக் கூடாது." பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஒரே குற்றத்துக்காக ஹாலைத் திறந்து மூடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. துணைக்குப் பியூன் முனுசாமி. கீழ்க்கட்டளையிலிருந்து சைக்கிள் மிதித்து வருவான். விஷயத்தைச் சொன்னதும் சைக்கிளை ஸ்டாண்டு போடாமலேயே நின்று என்னை முறைத்தான்.

"இன்னா சார், பேஜாராகீது! நம்ம திங்கக்கெழமையே ஆபீஸ ஒயுங்கா தொறக்க மாட்டோம், ஞாயித்துக்கெழமை தொறக்கணுமா?"

பெருக்கிய குற்றம்

முதல் ஞாயிறு வந்தது. மேஜைகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்தார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் முக்காடு போட்ட பெண்கள். பல்லாவரத்திலிருந்து போதகர் சைக்கிளில் வந்து, கால்சட்டைக் கிளிப்பைக் கழற்றிவிட்டு வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டார். நான் வாசல் பெஞ்சில் காவல். யாரும் ஆபீஸைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடக் கூடாதே.

அந்தப் பெஞ்சில்தான் கார்டு ஐயா பழக்கமானார். பெயர் தேவசகாயம். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பச்சைக்கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே தவிர வெள்ளைக் கால்சட்டையை விடவில்லை. அவர் மனைவி ரோஸம்மா பிளாஸ்கில் காபி கொண்டுவந்து, உள்ளே போகுமுன் எனக்கு ஒரு டம்ளர் ஊற்றி வைப்பார். "தம்பி காவல் காக்குது, வெறும் வயித்தோட காக்கக் கூடாது" என்பார். என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காபி கோபத்தில் ஆறிப்போயிருக்கும் என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ!

ஜெபம் முடிந்ததும் மேஜைகளைப் பழைய இடத்தில் போட்டார்கள். பெண்கள் ஹாலைப் பெருக்கி, ஜன்னலைத் துடைத்து, மூலையில் கிடந்த வெற்றிலைக் கறையைக்கூடத் தேய்த்துவிட்டுப் போனார்கள். மறுநாள் ஆபீசர் உள்ளே நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"தெரியக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? ஹாலைப் பாருய்யா, பளபளன்னு இருக்கு! பாக்கறவன் நம்ம ஆபீஸ்னு நம்புவானா?"

முக்கோணத்தின் கீழே

அடுத்த மாதம் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். டைப்பிஸ்ட் ஒருவரின் ஏழாவது குழந்தை. அதில் தப்பு ஒன்றுமில்லை. தப்பு, போதகர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்களின் சிவப்பு முக்கோணம், ஆள் உயரத்துக்கு. அதில் அப்பா, அம்மா, இரண்டே இரண்டு பிள்ளைகள், நால்வரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று முனுசாமி அதைச் சுற்றிலும் ஆணி அடித்திருந்தான். பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும்.

டைப்பிஸ்ட் வியர்த்துப் போனார். ஆறு பிள்ளைகள் முன்வரிசையில் படிக்கட்டு மாதிரி உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. "சார், ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இதை மறைக்க முடியாதா?" என்று என் காதில் கெஞ்சினார். அரசாங்க விளம்பரத்தை மறைத்தால் என் வேலை போய்விடும் என்றேன். போதகர்தான் குழந்தையை வாங்கிக்கொண்டு, முக்கோணத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இருந்துட்டுப் போகட்டும் பிரதர். நாம கண்ணை மூடிக்கிட்டுத்தானே ஜெபம் பண்ணப் போறோம்."

முட்டை ஏலம்

அறுப்பின் பண்டிகை என்று ஒன்று இருக்கிறது. வயலில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். எங்கள் ஹாலுக்கு வந்தவர்களுக்கு வயல் ஏது? பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பூசணிக்காய், வாழைத்தார், கோழி, முட்டை எல்லாம் வந்து சேர்ந்தன. செல்வராஜ் சார் ஏலம் விட்டார். ஒரு முட்டையைச் சந்தை விலைக்குப் பல மடங்கு ஏற்றிக் கேட்டு எடுத்தார் கார்டு ஐயா. எடுத்தவர் அதைச் சபைக்கே திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் அதே முட்டை ஏலத்துக்கு வந்தது. இன்னொருவர் எடுத்தார், திருப்பிக் கொடுத்தார். வந்த காசெல்லாம் சொந்தமாக ஒரு கோயில் கட்ட. முட்டைக்கே தலை சுற்றியிருக்கும்.

நடுவில் ஒரு கோழி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஆபீசர் அறையின் அரைக்கதவுக்கு மேலே பறந்து உள்ளே போய்விட்டது. அதைப் பிடிக்க நானும் முனுசாமியும் பட்ட பாடு எங்களுக்கும் கோழிக்கும்தான் தெரியும். அதற்குள் அது ஆபீசரின் தபால் தட்டில் உட்கார்ந்து தன் பங்குக்கு ஒரு முட்டையும் வைத்துவிட்டது. ஆனால் முனுசாமியின் வியப்பு கோழியைப் பற்றியது அல்ல. நம் ஆபீஸ் ஏலங்களில் புளியமரத்துக் குத்தகையைக்கூட நாலு பேர் முன்கூட்டியே கூடிப் பேசிக் குறைத்துக் கேட்பதைப் பார்த்தே வளர்ந்தவன் அவன்.

"இன்னா ஜனம் சார் இது? ஏத்தி ஏத்திக் கேக்குது, எடுத்தத திருப்பிக் குடுக்குது! இவங்கள நம்ம ஏலத்துக்கு இட்டாந்தா சர்க்காரு எங்கியோ பூடும் சார்."

மரத்தடியில் ஒரு பெட்டி

ஐப்பசி மாதம் ரோஸம்மா போய்விட்டார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

வழக்கப்படி சவப்பெட்டியைக் கோயிலுக்குள் வைத்து ஆராதனை நடத்தி, பிறகுதான் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். கோயில் எங்கே? ஹால்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதான், அனுமதியும் கையில் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பயம். ஆபீசர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை, விதிக்குப் பயந்தவர். "ஜெபத்துக்குத்தான் அனுமதி. பிரேதத்தை அரசாங்க ஆபீஸுக்குள்ள விட்டா நாளைக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

பெட்டியை ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வைத்தார்கள். தூறல் ஆரம்பித்தது. நாலு பேர் பெட்டிக்குக் குடை பிடித்தார்கள், தாங்கள் நனைந்தார்கள். போதகரின் அங்கி உடம்போடு ஒட்டிக்கொண்டது. சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. எத்தனை டம்ளர் காபி குடித்திருப்பேன் அந்த அம்மா கையால்! எல்லாம் முடிந்து கிளம்பும்போது கார்டு ஐயா என் தோளைத் தொட்டார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை.

"என் சம்சாரத்தைப் பிளாட்பாரத்துலயே நிக்க வெச்சு அனுப்பிட்டோம் தம்பி. எனக்காவது ஒரு கூரை வேணும், பாத்துக்க."

நடுவில் ஒரு பீரோ

கோயில் கட்ட இடம் வாங்கியாகிவிட்டது. பிளான் போட்டு அனுமதிக்கு மனுவும் கொடுத்தாகிவிட்டது. அந்த மனு எந்த ஆபீஸுக்கு வர வேண்டும்? வேறு எங்கே, எங்கள் ஆபீஸுக்குத்தான். வந்தது, பீரோவுக்குள் போனது. பீரோ அதே ஹாலில் இருந்தது. ஞாயிறுதோறும் அதற்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து, சீக்கிரம் கோயில் கட்ட வழி காட்டும் என்று அவர்கள் ஜெபித்தார்கள். கார்டு ஐயா உள்ளே நுழையும்போதெல்லாம் ரயில் புறப்பட அனுமதி கேட்கிற கார்டு பாஷையிலேயே என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "லைன் கிளியர் கிடைச்சுதா தம்பி?"

கிடைக்காது. ஏன் கிடைக்காது என்பதை ஆபீசரே பைலில் எழுதியிருந்தார். 'மனுதாரர்கள் ஏற்கெனவே ஒரு ஹாலில் வழிபட்டு வருவதால், புதிய வழிபாட்டிடத்துக்குத் தேவை எழவில்லை.' கோயில் இல்லாததால் ஹால் கொடுத்தோம். ஹால் இருப்பதால் கோயில் கிடையாது. இதைச் செல்வராஜ் சாரிடம் சொன்னபோது கணக்கு வாத்தியாரே விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். கார்டு ஐயா மட்டும் பீரோவைத் தட்டிப் பார்த்தார்.

"ஆண்டவருக்கும் எங்களுக்கும் நடுவுல இந்தப் பீரோ ஒண்ணுதான் தம்பி நிக்குது."

சாவியைக் கொடுக்காதீர்கள்

மறு வாரம் செல்வராஜ் சார் என் வீட்டுக்கே வந்தார். இனிமேல் ஹால் கிடையாது என்று நாங்களே சொல்லிவிட வேண்டுமாம். சாவிக்காக என் காலில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சாவி வேண்டாம் என்று கெஞ்சினவர் அவர் ஒருவர்தான்.

காரணம் வேண்டுமே? ஹாலின் கூரை எனக்குக் கைகொடுத்தது. மழை பெய்தால் நாலு இடத்தில் ஒழுகும். 'கூரை பழுதடைந்துள்ளதால், சரிசெய்யும் வரை ஹாலில் கூட்டம் கூட அனுமதி இல்லை' என்று குறிப்பு எழுதி வைத்தேன். சத்தியமான வார்த்தை. ஆபீசர் கையெழுத்துப் போட்டார். சபை வேப்பமரத்தடிக்குப் போனது. வெயிலில் உட்கார்ந்து பாடினார்கள். சில மாதம் கழித்து நானே அந்தக் குறிப்பையும் கோயில் பைலையும் சேர்த்து ஆபீசர் முன் வைத்தேன். ஹால் இல்லை, ஆகவே ஆட்சேபணையும் இல்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தார். வேறு வழியில்லாமல் அனுமதி கொடுத்தார். ஆறே மாதத்தில் சேலையூர்ப் பக்கம் ஓடு வேய்ந்த கோயில் எழும்பிவிட்டது. மணி வாங்க வசதியில்லை. ஸ்டேஷனில் தொங்குமே, அந்த மாதிரித் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கார்டு ஐயா எங்கிருந்தோ பிடித்து வந்து வாசலில் தொங்கவிட்டார்.

ஹால் கூரையை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை. நான் நினைவூட்டியபோது ஆபீசர் என்னை வேற்று மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அதான் இப்ப யாரும் அங்க கூடறதில்லையே, அப்புறம் எதுக்குய்யா ரிப்பேர்?"

நிபந்தனை

அடுத்த கார்த்திகை மழையில் கூரை கீழே வந்தது. நல்லவேளை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆபீஸில் ஒருவரும் இல்லை. மற்ற நேரங்களிலும் அநேகமாக அப்படித்தான் என்று வையுங்கள். அடையாறு பெருகி அனகாபுத்தூர்ப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். இருந்த பள்ளிக்கூடங்களில் ஜனங்கள் தங்கியிருந்தார்கள். பைல்களை எங்கே கொண்டு வைப்பது? காய்ந்த இடமாக அக்கம்பக்கத்தில் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று, அந்தக் கோயில்.

எங்கள் ஆபீசரே போய்க் கேட்டார். நானும் முனுசாமியும் பின்னால் நின்றோம். செல்வராஜ் சாரும் கார்டு ஐயாவும் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "தாராளமா வாங்க சார். கட்டடம் சரியாகற வரைக்கும் வார நாள் பூரா நீங்க வெச்சுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை" என்றார் செல்வராஜ் சார். "சனிக்கிழமை சாயங்காலம் இங்க ஆபீஸ் நடந்ததாவே தெரியக் கூடாது."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கவே இல்லை. முனுசாமிதான் முந்திக்கொண்டான்.

"அந்தக் கவலயே உடு சார். நம்ம ஆபீஸு நடக்கறது எப்பத்தான் தெரிஞ்சிகீது?"

புதன்கிழமை

தற்காலிகம் என்று போன ஆபீஸ் அங்கேயே வேர் விட்டது. பீடத்தின் பக்கம் மட்டும் நாங்கள் போகக் கூடாது. மற்ற இடமெல்லாம் மேஜை, பைல், மனுவோடு நிற்கிற ஜனம். காலையில் முனுசாமி தண்டவாளத்தைத் தட்டினால் ஆபீஸ் ஆரம்பம். கார்டு ஐயா அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். பதினோரு மணிக்கு ரோஸம்மாவின் பிளாஸ்கோடு வந்து எனக்கு ஒரு டம்ளர், முனுசாமிக்கு ஒரு டம்ளர், ஆபீசருக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைப்பார். முதல் நாள் ஆபீசர் அந்த டம்ளரைத் தொடவில்லை. கார்டு ஐயா, "ஆறிடும் சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு குடித்தார். அப்புறம் தினமும் குடித்தார்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்குப் பிளாஸ்க் வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அழுகைச் சத்தம்தான் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம்.

சாயங்காலம் எடுப்பதாக இருந்தார்கள். மத்தியானம் செல்வராஜ் சார் வந்து வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், பெட்டியை ஒரு மணி நேரம் உள்ள வெச்சுக்க... அனுமதி வேணும்" என்று ஆரம்பித்தார். அவர்கள் கட்டிய கோயில், முட்டை முட்டையாக ஏலம் விட்டுக் கட்டிய கோயில்! அதற்குள் போக எங்களிடம் அனுமதி கேட்கிற அளவுக்கு அந்த மனிதரை நாங்கள் பழக்கிவைத்திருந்தோம். கிழவர் என்னிடம் வாழ்க்கையில் கேட்டது ஒரு கூரை. அது கிடைத்தது, அதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஆபீசர் வாயைத் திறந்து விதி பேசினால் சாவிக்கொத்தை அவர் மேஜையில் எறிந்துவிடுவது என்று இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துவிட்டேன்.

ஆபீசர் எழுந்தார். மேஜையில் பதினோரு மணியிலிருந்து கவிழ்த்தபடி இருந்த வெறும் டம்ளரை ஒருதரம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அவர் நாற்காலி தூக்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். முனுசாமி தபால் தட்டை எடுத்தான், மற்றவர்கள் ஆளுக்கொரு மேஜையைப் பிடித்தார்கள். ஆபீஸ் முழுக்க வெளியே புங்கமரத்தடிக்கு வந்து நின்றது. வழக்கம்போலத் தூறல் ஆரம்பித்தது. பைல்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு நாங்கள் நனைந்தோம். பெட்டி உள்ளே போனது. முனுசாமி யாரும் சொல்லாமலேயே போய்த் தண்டவாளத்தை நிதானமாகத் தட்டினான். பெட்டி என்னைக் கடந்து போகும்போது, "லைன் கிளியர் ஐயா" என்றேன்.

நனைந்துகொண்டு நின்ற ஆபீசரிடம், மனுவோடு வந்த ஒரு விவசாயி, "ஆபீஸ் இன்னிக்கு லீவுங்களா?" என்று கேட்டார். ஆபீசர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"லீவு இல்லப்பா. வீட்டுக்காரர் வந்திருக்கார், அதான் வெளிய நிக்கறோம்."

என் சர்வீஸ் முழுவதிலும் எங்கள் ஆபீஸ் ஒரு விண்ணப்பத்தைக் காகிதமே இல்லாமல், கேட்ட அன்றைக்கே, அதுவும் நின்றுகொண்டே பைசல் செய்தது அது ஒன்றைத்தான்.